சீட்டு கட்டும் அம்மா, அழகரைப் பார்க்கணும் என்கிற அப்பா

அரசு மருத்துவமனையில் 31 வருடம் நர்ஸ் வேலை. அப்புறம் இதயம் பலவீனமான என் அம்மாவை ஆறு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். அந்த அனுபவத்தில்தான் பதில் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: சிஸ்டர், அப்பாவுக்கு 79 வயது. பம்பிங் 30தான். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்தே தீருவேன் என்கிறார். என்ன செய்வது?

முதலில் ஒன்று. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் பம்பிங். அது 30 என்றதும் நூற்றுக்கு 30 மார்க் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல இதயத்துக்கே 55 முதல் 70 வரைதான். 30 குறைவுதான், ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

வைகைக் கரை நெரிசல் வேண்டவே வேண்டாம். ஆனால் அழகர் ஆற்றோடு நின்றுவிடுகிறாரா? மலைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் நின்று தரிசனம் தரும் மண்டகப்படிதானே! கூட்டம் குறைந்த ஒன்றாகப் பார்த்து, நாற்காலியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கூட்டிப்போங்கள். வழியில் பாத்ரூம் தேட வேண்டுமே என்று நீர் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அன்றைக்கு நேரம் மாற்றிப் போடலாமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவையுங்கள்.

தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். உடனே டாக்டரிடம் சொல்லவேண்டும். என் அம்மா முந்தானையைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுத்தான் மெஷினில் ஏறுவார். புடவை கனம் தன் கணக்கில் சேரக்கூடாதாம்.

கேள்வி: அம்மா வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார். இளநீர், மாவடு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பாவமாக இருக்கிறது.

இளநீரில் பொட்டாசியம் அதிகம். கழிவாகப் போகாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத்துடிப்பையே குலைத்துவிடும். மாவடுவில் உப்பு, தின்றால் தாகம், தாகத்துக்குத் தண்ணீர், தண்ணீரால் வீக்கம். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதையும் வாங்காதீர்கள், அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியத்தைத்தான் சேர்க்கிறார்கள்.

நாக்கு செத்துப்போகாமல் இருக்க வழி உண்டு. காய்களை நறுக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பூண்டு, மிளகு, சீரகம் போட்டுத் தாளியுங்கள். தாகத்துக்கு ஒரு ஐஸ் துண்டு வாயில் அடக்கிக்கொள்ளட்டும். அதையும் நாள் கணக்குத் தண்ணீரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பார்க்கின்சன். கை நடுக்கத்தோடு கேரம் ஆட உட்காருகிறார். தடுக்கலாமா?

எதற்குத் தடுக்கவேண்டும்? மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரம் எது என்று நான்கு நாள் குறித்துப் பாருங்கள், ஆட்டத்தை அந்த நேரத்துக்கு வையுங்கள். லெவோடோப்பா மாத்திரை என்றால் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் நல்லது. பருப்பு, முட்டை, பால் கூடவே போனால் மருந்து சரியாக ஏறாது. குமட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: 82 வயது, சர்க்கரை, பாதம் மரத்துப்போயிருக்கிறது. பைக் ஓட்டுவேன் என்கிறார்.

கூடாது. பின்னால் உட்கார வைத்து நீங்கள் ஓட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குப் புற்றுநோய் பரவிவிட்டது. அவரோ தீபாவளிக்கு என்ன புடவை என்று பேசுகிறார். உண்மையைச் சொல்லவேண்டாமா?

தெரியாமல் பேசுகிறார் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? பல பேருக்குத் தெரியும், நமக்காக நடிப்பவர்களும் உண்டு. “உடம்பைப் பற்றி என்னம்மா தெரிஞ்சுக்கணும்?” என்று கேட்டுப் பாருங்கள். கேட்கிற அளவுக்குச் சொன்னால் போதும். புடவையையும் எடுத்துவிடுங்கள், தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம்.

என் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே தெருவில் 20 மாதச் சீட்டில் சேர்ந்தார். “இப்ப எதுக்கும்மா?” என்றேன். “எடுக்கிறவரைக்கும் இருப்பேன். மிச்சத்தை நீ கட்டு” என்றார். பதினோராவது மாதம் எடுத்து மிக்ஸி வாங்கினார். கடைசி நான்கு தவணை நான் கட்டினேன்.