கடற்கரையில் படம் எடுத்தால் தசை ஏன் தட்டையாகிறது?

கேள்வி: ஆணழகன் போட்டிக்குத் தயாராகும் என் தம்பியை, 1950-களின் கலிஃபோர்னியா கடற்கரைப் படங்கள் மாதிரி கறுப்பு வெள்ளையில் எடுக்க ஆசை. காலை ஏழு மணிக்குக் கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் ஆள் கறுத்துப் போகிறான். நடுப்பகலில் எடுத்தால் வயிற்றுத் தசையே தெரியவில்லை. அவர்கள் எப்படி எடுத்தார்கள்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: முதலில் திசையைக் கவனியுங்கள். அந்தப் படங்கள் பலவற்றுக்குக் களம் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்பாலத்துக்குத் தெற்கே இருந்த மசில் பீச். 1947-இல் மிஸ்டர் அமெரிக்கா பட்டம் வென்ற ஸ்டீவ் ரீவ்ஸ் பழகிய மணல் அது. அங்கே கடல் மேற்கில். காலை வெயில் கரைப் பக்கமிருந்து வரும். கடலுக்கு முதுகு காட்டி நிற்பவன் மார்பில் நேராக விழும். உங்களுக்குக் கடல் கிழக்கில். காலையில் சூரியன் தம்பியின் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது முகம் கறுக்கத்தான் செய்யும்.

ஆகவே பிற்பகலில் போங்கள். கடிகாரத்தைவிடத் தம்பியின் நிழலை நம்புங்கள். அது அவர் உயரத்துக்குச் சமமானதிலிருந்து ஒன்றரை மடங்கு ஆகும்வரை நல்ல நேரம். வெயில் உங்கள் முதுகுக்கு நேர் பின்னால் இருந்தாலும் தசை தட்டையாகிவிடும். கடலை நேராகப் பார்க்காமல் கரையோரமாகச் சாய்ந்து, வடகிழக்கையோ தென்கிழக்கையோ பார்த்து எடுங்கள். ஒளி பக்கவாட்டில் உரசிப்போனால்தான் ஒவ்வொரு தசைக்கும் ஓரத்தில் நிழல் விழும்.

நடுப்பகலில் வயிறு மறைவதற்கு மணலே காரணம். உலர்ந்த வெளிர் மணல் வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே அடித்து, மார்புக்கடியிலும் வயிற்று வரிகளிலும் விழ வேண்டிய நிழலை நிரப்பிவிடுகிறது. அலை வந்துபோன ஈர மணலில் நிறுத்துங்கள். அது கருமையானது, ஒளியைக் குறைவாகவே திருப்பும். பாதமும் அதிகம் புதையாது. உலர்ந்த மணலில் கணுக்கால்வரை புதைந்தால் கெண்டைக்கால் பாதியில் வெட்டுப்பட்டதுபோல் தெரியும்.

கேமராவை இடுப்புயரத்துக்கு இறக்குங்கள். மேலிருந்து குனிந்து பார்க்கும் ரோலிஃபிளெக்ஸ் வகைக் கேமராக்கள் அன்று பரவலாக இருந்தன. அந்த உயரத்தில் ஆள் ஓங்கித் தெரிவான், தோளுக்குப் பின்னால் வெறும் வானம் மட்டும் நிற்கும். ஆனால் நெருங்காதீர்கள். நான்கு மீட்டராவது தள்ளி நின்று 85 மிமீ லென்ஸில் எடுங்கள். கிட்டப் போனால் தொடை பெருத்துத் தலை சிறுக்கும்.

ஆட்டோவில் விட்டால், பளிச்சென்ற மணலையும் வானத்தையும் பார்த்துக் கேமரா படத்தை இருட்டாக்கும். மேனுவலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் வேகம் 1/250 நொடி, லென்ஸ் துளை (அப்பர்ச்சர்) எஃப் 11 என்று தொடங்குங்கள். வெயில் தணிந்தால் துளையை எஃப் 8-க்குப் பெரிதாக்குங்கள்.

அன்றைய கலைஞர்கள் நீல வானத்தைக் கருக்க மஞ்சள் ஃபில்டர் போட்டார்கள். நீங்கள் கலரில் எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது நீலத்தைக் குறையுங்கள். சிவப்பையும் ஆரஞ்சையும் ஏற்றவே வேண்டாம், தோல் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். மூட்டம் போட்ட வெள்ளை வானத்தை எந்த ஃபில்டராலும் கருக்க முடியாது. அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

எண்ணெய் மேலுடம்புக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். தேய்த்தபின் துணியால் ஒற்றி எடுங்கள். வழிந்தால் வெள்ளைத் திட்டுகள் விழும். மணலில் உட்காரும், படுக்கும் போஸ்களை எண்ணெய்க்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அந்தப் படங்களின் பின்னணியையும் தெரிந்துகொண்டு எடுப்பது நல்லது. புகைப்படக்காரர் பாப் மைசர் 1951-இல் தொடங்கிய 'பிசிக் பிக்டோரியல்' போன்ற ஆணுடல் பட இதழ்களை ஓரினக் காதல் கொண்ட ஆண்கள் பலர் தேடி வாங்கினார்கள். ஆபாசம் என்று சட்டம் எந்நேரமும் பாயக்கூடிய காலம் அது. ஜட்டியோடு ஓர் ஆண் நிற்பதற்குக் காரணம் கேட்கப்படாத இடம் கடற்கரை. இத்தகைய இதழ்கள் ஆபாசமல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1962-இல்தான். அந்த நெருக்கடியிலும் அன்றைய புகைப்படக்காரர்கள் ஆணுடலை அவ்வளவு மரியாதையோடு பார்த்திருக்கிறார்கள்.