ஒற்றைக் கீலுக்கு வளைந்த ஃபாயில் வேண்டாம்

நண்பரே, உங்கள் 6 மீட்டர் பாய்மரப் படகின் ஒற்றைக் கீலுக்கு (படகின் அடியில் நீருக்குள் நீண்டு, பக்கவாட்டுச் சறுக்கலைத் தடுக்கும் தகடு) ஒரு பக்கம் அதிகம் புடைத்த நாக்கா 4412 என்ற இறக்கை வடிவம் (ஃபாயில்) போட்டால் காற்றை எதிர்த்து இன்னும் நன்றாக ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். காற்று ஒரு பக்கம் இருக்கும்போது லாபம்தான். படகைத் திருப்பிக் காற்றை மறுபக்கம் வாங்கியதும் அதே வளைவு உங்களுக்கு எதிரி. தண்ணீர் சுமார் மைனஸ் 4 டிகிரி கோணத்தில் வந்து மோதும்போதுதான் 4412-இன் தூக்குவிசை (சறுக்கலை எதிர்த்துப் பக்கவாட்டில் தள்ளும் விசை) பூஜ்யமாகும். அதாவது அந்தப் பக்கம் ஓடும்போது படகு காற்று போகும் பக்கமாக முதல் 4 டிகிரி சும்மாவே சறுக்கும். அதற்கு மேல் சறுக்கினால்தான் கீல் வேலையே தொடங்கும். நல்ல கீலுக்கு மொத்தச் சறுக்கலே 3 முதல் 5 டிகிரிதானே!

இரு பக்கமும் சமச்சீரான நாக்கா 0012 வடிவம் போடுங்கள். பின் விளிம்பை மெல்லியதாக, நேராக முடிப்பதில் உழைப்பைக் காட்டுங்கள், பலன் அங்கேதான்.

வளைவு வேண்டியே தீரும் என்றால் இரண்டு வழி. பக்கத்துக்கு ஒன்றாக ஏற்றி இறக்கும் இரட்டைப் பலகை வைத்து, காற்று போகும் பக்கத்துப் பலகையை மட்டும் இறக்கலாம். அப்போது இரண்டின் புடைப்பும் படகின் நடுக்கோட்டைப் பார்த்திருக்க வேண்டும், மாற்றிப் பொருத்திவிடாதீர்கள். இல்லையென்றால் கீலின் பின்பகுதியில் திருப்பக்கூடிய மடல். 1967 அமெரிக்கா கோப்பை பாய்மரப் படகுப் போட்டியை வென்ற இன்ட்ரெபிட் படகில் அது இருந்தது. ஆனால் முதல் படகுக்கு அந்த மடல் வேலை அதிகம்.