குழந்தைகளின் ஆங்கிலக் கவிதை: ரைமைச் சற்றுத் தள்ளி வையுங்கள்

கேள்வி: நான் நான்காம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். மாணவர்கள் எல்லோரும் வீட்டில் தமிழ் பேசுபவர்கள். அவர்கள் எழுதும் ஆங்கிலக் கவிதைகளை ஆண்டு இறுதியில் ஒரு தொகுப்பாகக் கொண்டுவர வேண்டும் என்று தலைமை ஆசிரியர் கூறியிருக்கிறார். ஆனால் 'கவிதை எழுதுங்கள்' என்றால் பலர் 'கேட், பேட், ரேட், மேட்' என்று ரைம் வரும் சொற்களை அடுக்குகிறார்கள். சிலர் இணையத்தில் பார்த்து எழுதி வருகிறார்கள். சிலர் எதுவுமே எழுதுவதில்லை. ஒரு சிறுமி மட்டும் 'மை ஷேடோ இஸ் டயர்ட், ஹி ஸ்லீப் அண்டர் மை ஃபீட் அட் நூன்' என்று எழுதியிருந்தாள். சக ஆசிரியர் ஒருவர், 'ஹி' என்பதை 'இட்' என்றும் 'ஸ்லீப்' என்பதை 'ஸ்லீப்ஸ்' என்றும் திருத்தியே அச்சிட வேண்டும் என்கிறார். ரைமை எப்படிக் கற்பிப்பது? பிழைகளைத் திருத்துவதா, விட்டுவிடுவதா?
— ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

அந்தச் சிறுமியின் வரியை மூன்று முறை படித்தேன். உச்சிவெயிலில் நிழல் சுருங்கிக் காலடிக்குள் ஒதுங்குவதை அவள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். அது களைத்துப் படுத்துவிட்டது என்று தானாகவே நினைத்திருக்கிறாள். அதைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லியும் விட்டாள். உங்கள் வகுப்பில் ஒரு கவிதை ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. மற்றக் குழந்தைகளும் இப்படி ஒரு வரிக்கு வந்து சேர என்ன செய்யலாம் என்பதையே நாம் யோசிக்க வேண்டும்.

உங்கள் சக ஆசிரியர் சொன்ன இரண்டு திருத்தங்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. 'ஸ்லீப்' என்பதை 'ஸ்லீப்ஸ்' என்று மாற்றுவதால் அவள் சொன்னதில் எதுவும் குறைவதில்லை. அந்த இலக்கணத்தை அவள் எப்படியும் கற்றாக வேண்டும். ஆகவே அவளை அருகில் அழைத்துச் சொல்லிக்கொடுத்து, அவள் கையாலேயே திருத்தச் சொல்லுங்கள். 'ஹி' என்பதைத் தொடாதீர்கள். நிழலை அவள் ஓர் ஆளாக்கியிருக்கிறாள். களைப்பதும் உறங்குவதும் ஆளுக்கு உரியவை என்பதால்தான் 'ஹி' அங்கே வந்தது. 'இட்' என்று மாற்றினால் இலக்கண நூலுக்கு ஏற்ற வாக்கியம் கிடைக்கும், கவிதை போய்விடும். பிழை திருத்தும்போதெல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை மாற்றினால் குழந்தை கண்டது மாறுகிறதா? மாறவில்லையென்றால், கவிதை முழுதாக எழுதப்பட்ட பிறகு, செம்பிரதி எடுக்கும் நாளில் திருத்தலாம். மாறுகிறது என்றால் அந்த இடத்தில் சிவப்பு மைக்கு வேலை இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மட்டும் எந்தத் திருத்தமும் வேண்டாம். எழுத்துப் பிழைக்கு அஞ்சும் குழந்தை, தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களையே நாடும். 'கேட், பேட், ரேட்' பிறப்பது பெரும்பாலும் அந்த அச்சத்திலிருந்துதான்.

ரைமைப் பொறுத்தவரை என் கருத்து சற்றுக் கடுமையானது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் ஒன்பது வயதுக் குழந்தைக்கு எழுதக் கற்றுத்தரும்போது ரைமில் தொடங்கவே கூடாது. நம் செய்யுளில் அடியின் தொடக்கத்தில் நிற்கும் எதுகையும் மோனையும் காதுக்கு மட்டுமன்றிக் கண்ணுக்கும் தெரியும். பெரும்பாலும் எழுதியபடியே ஒலிக்கும் மொழி தமிழ். ஆங்கிலம் அப்படிப்பட்டதல்ல. 'தோ', 'டஃப்', 'த்ரூ' ஆகிய மூன்று சொற்களும் ஒரே நான்கு எழுத்துகளில்தான் முடிகின்றன, ஆனால் மூன்றும் மூன்று விதமாக ஒலிக்கின்றன. 'ப்ளூ', 'ஷூ', 'டூ' ஆகியவை வெவ்வேறு எழுத்துகளில் முடிந்தும் ஒரே ஓசை தருகின்றன. இந்தக் குழப்பத்தைக் கடந்து ரைம் பிடிக்கப் பெரிய சொல்வளம் வேண்டும். அது இல்லாத குழந்தை, ரைமுக்காகப் பொருளை விட்டுக்கொடுக்கும்: பூனையை ('கேட்') பற்றி எழுத நினைத்தது பாயில் ('மேட்') போய் முடியும், ஏனென்றால் அதற்குக் கைக்கு எட்டியது அந்தச் சொல்தான். ரைம் உள்ள பாடல்களைக் குழந்தைகள் தாராளமாகப் பாடட்டும், மனப்பாடம் செய்யட்டும். காது அப்படித்தான் பழகும். எழுதும் நேரத்தில் மட்டும் 'இன்று ரைம் தேவையில்லை' என்று நீங்களே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அந்த அனுமதி கிடைத்தவுடன் பல குழந்தைகளின் பேனா நகரத் தொடங்கும்.

ரைமை எடுத்துவிட்டால் கவிதைக்கு வேறொரு பிடிமானம் வேண்டும். அதைத் தருவது திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியத் தொடக்கம். அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக் 1968இல் நியூயார்க் நகரின் பி.எஸ். 61 என்ற அரசுத் தொடக்கப் பள்ளியில் குழந்தைகளுக்குக் கவிதை எழுதக் கற்பித்தபோது இந்த வழியைத்தான் கையாண்டார்; 1970இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் இத்துறையில் அடிப்படையான ஒன்று. ஒவ்வொரு வரியையும் 'ஐ விஷ்' என்று தொடங்க வேண்டும், அதில் ஒரு நிறமும், ஒரு சித்திரக் கதை மாந்தரும், ஒரு நகரம் அல்லது நாட்டின் பெயரும் வர வேண்டும் என்பது அவர் முதலில் கொடுத்த விதிகளில் ஒன்று. குழந்தைகள் ஆளுக்கொரு வரி எழுதித் தர, அவற்றைச் சேர்த்து ஒரே கவிதையாக உரக்கப் படித்தார். 'ஐ யூஸ்ட் டு' என்று ஒரு வரி, 'பட் நௌ' என்று அடுத்த வரி என எழுதச் செய்தது இன்னொரு பயிற்சி. இவ்வகைத் தொடக்கங்கள் இரண்டாம் மொழிக் குழந்தைக்கு இரட்டைப் பயன் தருகின்றன: வாக்கியத்தின் கடினமான முதற்பாதி கையில் கொடுக்கப்பட்டுவிடுகிறது, திரும்ப வருவதாலேயே ஒரு தாளமும் பிறந்துவிடுகிறது. கூடவே 'யூஸ்ட் டு' என்ற அமைப்பை, தனியே ஒரு பாடம் நடத்தாமலே, குழந்தை இருபது முறை பயன்படுத்திவிடுகிறது.

அந்தப் பள்ளியில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். ஆங்கிலக் கவிதைக்குள் ஸ்பானியச் சொற்களைச் சேர்த்து எழுதும் பயிற்சி ஒன்றையும் கோக் கொடுத்தார். இதை நீங்கள் தயங்காமல் பின்பற்றலாம் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் சொல் கிடைக்காத இடத்தில் குழந்தை தமிழ்ச் சொல்லை வைத்துவிட்டு மேலே போகட்டும். குறிப்பாக ஒலிக்குறிப்புகளில் நம் மொழி செழிப்பானது. சலசல, படபட, கலகல போன்ற இரட்டைக்கிளவிகள் ஓர் ஆங்கில வரியின் நடுவே அழகாக அமரும். பின்னர் அதற்கு ஆங்கிலச் சொல் தேடலாம், தேடியது பிடிக்கவில்லையென்றால் தமிழ்ச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம். அந்த முடிவு எழுதியவருடையது.

வகுப்பறையில் இதை எப்படி நடத்துவது என்று சொல்கிறேன். நாற்பது நிமிடப் பாடவேளை என்றால், முதல் பத்து நிமிடம் பேச்சுக்குப் போகட்டும். 'ஐ விஷ்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, குழந்தைகள் வாயால் சொல்லும் வரிகளை நீங்களே எழுதுங்கள். ஐந்தாறு வரிகள் சேர்ந்ததும் எல்லோரும் சேர்ந்து உரக்கப் படியுங்கள். அதன் பிறகே நோட்டைத் திறக்கச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் எழுதினால் போதும். மீதி நேரம் முழுவதும் எழுதியதைப் படித்துக் காட்டுவதற்கு. இந்தக் கடைசிப் பகுதியை நேரமில்லை என்று ஒருபோதும் வெட்டிவிடாதீர்கள், ஏனென்றால் இன்னொரு குழந்தையின் வரியைக் கேட்கும்போதுதான் 'இப்படியும் சொல்லலாமா' என்ற துணிவு மற்றவர்களுக்கு வருகிறது. வரி தட்டையாக இருந்தால் 'நன்றாக இல்லை' என்று சொல்லாமல் கேள்வி கேளுங்கள். 'தி ஃப்ளவர் இஸ் பியூட்டிஃபுல்' என்று எழுதிய குழந்தையிடம், எந்தப் பூ, எங்கே இருந்தது, அதன் மேல் என்ன இருந்தது என்று கேட்டால் அடுத்த வரி தானாக வரும். 'நைஸ்', 'பியூட்டிஃபுல்' ஆகிய இரண்டு சொற்களுக்கும் ஒரு மாதம் விடுமுறை கொடுத்துப் பாருங்கள்.

இணையத்திலிருந்து எடுத்து எழுதுவது பெருமளவு இதிலேயே நின்றுவிடும். 'மழை' என்று தலைப்புக் கொடுத்து வீட்டுப்பாடமாக அனுப்பினால் மழைக் கவிதைகள் இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. 'இன்று காலை பள்ளிக்கு வரும் வழியில் நீ மட்டும் கவனித்த ஒன்று' என்று வகுப்பிலேயே எழுதச் சொன்னால் எடுத்து எழுத எதுவும் இல்லை.

வடிவங்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். சின்குவைன் என்ற ஐந்து வரிக் கவிதை வடிவத்தைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அமெரிக்கக் கவிஞர் அடிலெய்ட் கிராப்சி உருவாக்கிய மூல வடிவம் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, இரண்டு என்று சிலபிள் (ஆங்கிலச் சொல்லின் ஒலியசை) எண்ணிக்கையில் அமைவது. சிலபிள் எண்ணுவது இந்த வயதில் வீண் போராட்டம். 'எவ்ரி' என்ற சொல்லில் இரண்டு சிலபிளா மூன்றா என்பதில் பெரியவர்களே ஒத்துப்போக மாட்டார்கள். நம் நேரசை, நிரையசைக் கணக்கும் அங்கே உதவாது. வகுப்பறைகளுக்கென்று எளிமையாக்கிய வடிவம் சொற்களை எண்ணுகிறது: ஒரு பெயர்ச்சொல், அதைப் பற்றி இரண்டு பண்புச் சொற்கள், 'இங்' என முடியும் மூன்று வினைச் சொற்கள், நான்கு சொற்களில் ஓர் உணர்வு, கடைசியாக முதற்சொல்லுக்கு வேறொரு பெயர். இது நல்ல பயிற்சி. ஹைக்கூவின் ஐந்து, ஏழு, ஐந்து என்ற சிலபிள் கணக்கையும் இதே காரணத்தால் இப்போதைக்கு விட்டுவிடலாம். மூன்று சிறு வரிகளில் ஒரு காட்சி என்பது போதும். பெயரின் எழுத்துகளை வரிகளின் தொடக்கமாக வைத்து எழுதும் அக்ராஸ்டிக் எனக்கு உவப்பானதல்ல, ஏனெனில் அதில் குழந்தை சொல்ல வந்ததை விட்டு எழுத்துக்குச் சொல் தேடுகிறது.

எழுத வைப்பதோடு நல்ல கவிதைகளைப் படித்தும் காட்டுங்கள், அவை 'குழந்தைக் கவிதை'யாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக் 1794இல் வெளியிட்ட புலிக் கவிதை முழுவதும் கேள்விகளால் ஆனது. எல்லாச் சொல்லும் புரியாவிட்டாலும், ஒரு விலங்கிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்கலாம் என்பது குழந்தைக்கு உடனே புரிந்துவிடுகிறது. படித்து முடித்ததும் தங்களுக்குப் பிடித்த ஓர் உயிரிடமோ பொருளிடமோ ஐந்து கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். இன்னொரு ஆங்கிலக் கவிஞர் கிறிஸ்டினா ரொசெட்டி 1872இல் வெளியிட்ட தொகுப்பில் காற்றைக் கண்டவர் யார் என்று கேட்கும் எட்டு வரிப் பாடல் ஒன்று உண்டு. அதன் ஆங்கிலம் நான்காம் வகுப்புக்கு எட்டக்கூடியது.

தொகுப்புக்கான கவிதைகளை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆண்டு முழுவதும் எழுதியவற்றிலிருந்து ஒன்றை ஒவ்வொரு குழந்தையும் தானே எடுத்துத் தரட்டும். கவிதைக்கு மதிப்பெண்ணும் வேண்டாம். பெற்றோர் வீட்டில் மெருகேற்றிக் கொடுத்தால் கனிவாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள், குழந்தை வகுப்பில் தன் கையால் எழுதிய பிரதியே அச்சுக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் இந்தச் சங்கடம் குறையும்.

எதுவுமே எழுதாத குழந்தைகளைப் பற்றியும் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர்களில் பலருக்குத் தடையாக இருப்பது எழுத்துதான். அருகில் உட்கார்ந்து, தமிழிலோ கலந்தோ சொல்லச் சொல்லுங்கள். சொல்வதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இருவருமாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவாருங்கள். முதலில் ஒரே ஒரு வரி வந்தாலும் அதை அந்தக் குழந்தையின் பெயரோடு தொகுப்பில் ஒரு முழுப் பக்கத்தில் அச்சிடுங்கள்.