ரத்தம் என்றால் ஓடி வருகிறவர்கள், கண்தானம் என்றால் ஏன் பின்வாங்குகிறார்கள்?

கும்பகோணம் பக்கம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் "தஞ்சாவூர் மெடிக்கல்ல அவசரமா ஓ நெகட்டிவ் வேணும்" என்று வந்தால், அறுவடை மும்முரத்திலும் நாலு பேர் பைக்கை எடுக்கிறார்கள். அதே ஆட்களிடம் கண்தானப் படிவத்தை நீட்டினால் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்களே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரத்தம் கேட்கும் செய்தியில் ஒரு ஆள் இருக்கிறார்: இன்னார் மகள், இன்ன வார்டு, பிரசவம். அப்படி ஒரு உயிருக்கு இளகும் மனசு புள்ளிவிவரத்துக்கு இளகாது. கொடுப்பது 350 மில்லி. ஜூஸ் குடித்துவிட்டு வீடு திரும்பலாம். ஊரும் மெச்சும், நமக்கும் ஒரு நிறைவு. கொஞ்சம் சுயநலம் கலந்ததுதான், இருக்கட்டுமே.

கண்தானம் யாருக்குப் போகும் என்று தெரியாது. அதைவிட, கையெழுத்துப் போட நம் சாவை நாமே நினைத்துப் பார்க்க வேண்டும். மனசு தள்ளிப்போடுவது அதைத்தான். "அடுத்த ஜென்மத்துல குருடாப் பொறப்பே" என்ற பாட்டிமார் பயம் வேறு. பெரும்பாலும் கருவிழியை மட்டுமே எடுக்கிறார்கள், முகம் விகாரமாகாது என்று எடுத்துச் சொன்னால் பலர் இறங்கி வருவார்கள்.

சரி, கையெழுத்தே போட்டாலும் கடைசி முடிவு வீட்டார் கையில். இறந்து சுமார் 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஒப்பாரிக்கு நடுவே, பங்காளிகள் வந்து சேரும் முன், யார் போன் பண்ணுவது? முன்பே பேசி வைக்காத குடும்பம் அப்போது வாய் திறக்காது. மூளைச்சாவில் உறுப்புதானம் செய்தவர்களுக்கு 2023 முதல் தமிழகத்தில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற தயக்கத்துக்கு அது நல்ல மருந்து என்பது என் கணிப்பு.