மழைக்காலத் தரங்கம்பாடி – கடிதம்

ஐயா வணக்கம்,

கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் நான்கு பேர். எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. இரண்டு பேர் சென்னையில், ஒருவன் பெங்களூரில், நான் கோவையில். பல வருடங்களாக வாட்ஸப்பில் மட்டும்தான் பேச்சு. போன நவம்பரில் எப்படியோ நாலு பேருக்கும் லீவு ஒத்துவந்து தரங்கம்பாடிக்குப் போனோம். சீசன் இல்லாத நேரம், அறை வாடகை குறைவு, கூட்டம் இருக்காது, உட்கார்ந்து பேசலாம் என்பதுதான் திட்டம்.

போன நேரமெல்லாம் மழை. கோட்டையை அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டோம். கடலில் கால் நனைக்கக்கூட விடவில்லை. கடற்கரை ஊருக்குப் போய் ஐஸில் வைத்த வஞ்சிரம்தான் சாப்பிட்டோம். அறையில் பேச்சு ஓடவில்லை. பழைய வாத்தியார்கள், அப்புறம் வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு, அப்புறம் ஆளுக்கொரு போன். எங்களில் ஒருவனுக்கு ஜூனில் வேலை போய்விட்டது. அவன் இரண்டாம் நாள் காலை குடையோடு வெளியே போனவன், மதியம் வரை படகுக்காரர்களோடு நின்றுகொண்டிருந்தான். டிபனுக்கும் வரவில்லை. "இதுக்காடா இவ்ளோ தூரம் வந்தோம்" என்று ஒருவன் சண்டைக்கே போய்விட்டான். ஒரு நாள் முன்னதாகவே கிளம்பி வந்துவிட்டோம்.

ஒரு வயதுக்குப் பிறகு நட்பு வற்றிவிடுமா ஐயா? இல்லை, பாண்டிச்சேரி மாதிரி கலகலப்பான இடத்துக்குப் போயிருக்க வேண்டுமா? இன்னொன்று, தரங்கம்பாடிக் கடற்கரையில் ஓசோன் அதிகம் என்கிறார்களே, உண்மையா?

ஆர்.,
கோவை

அன்புள்ள ஆர்.,

ஓசோனை முதலில் முடித்துவிடுகிறேன். நாம் மூச்சு விடும் உயரத்தில் ஓசோன் கூடினால் நுரையீரலுக்குக் கெடுதல். அங்கே நல்ல கடல் காற்று இருக்கிறது, அது போதும். பாண்டிச்சேரிக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் அதுவும் இதே கரைதான், நவம்பரில் அங்கும் மழை பெய்யும்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் நெய்தல் திணையை, சங்கப் பாட்டின் கடலோர நிலத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். திணைகளுக்கான பெரும்பொழுதுகளை, அதாவது வருஷத்தின் ஆறு பருவங்களை, பள்ளிக்கூடத்தில் அட்டவணையாக மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும். முல்லைக்குக் கார். பாலைக்கு வேனிலும் பின்பனியும். மருதத்துக்கும் நெய்தலுக்கும் மட்டும் ஆறு பொழுதுகளும் உரியவை. மலைக்கும் காட்டுக்கும் ஒன்றிரண்டு காலத்தைக் கொடுத்தவர்கள், வயலுக்கும் கடலுக்கும் வருஷம் முழுவதையும் கொடுத்துவிட்டார்கள். விடுபட்டுப்போன கட்டத்தை நிரப்புவதற்காகச் செய்தது அல்ல இது. கடலோரத்து ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் செய்தது. அங்கே வேலை ஓய்வதே கிடையாது. வேலை இல்லாத நாளிலும் கவலை ஓயாது. நெய்தலின் உரிப்பொருள், அதாவது அதற்குரிய உணர்வு, இரங்கல் என்று வைத்ததற்குக் காதலியின் பிரிவு மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை.

சரி, நீங்கள் போன நவம்பருக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகை என்றால் சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் ஒன்று உருவானால் போதும், நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். கடலுக்குப் போக வேண்டாம் என்று மீன்வளத்துறை அறிவிக்கும். விசைப்படகும் ஃபைபர் படகும் கரையில் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் செய்தித்தாளில் வருவதால் எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் இப்படி இரண்டு நாள், நான்கு நாள் என்று உதிரியாக விழும் தடைகளைக் கரைக்காரர்கள் மட்டும்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள். மீன்பிடி குறையும் இந்த மாதங்களுக்கென்றே மீனவக் குடும்பங்களுக்கு அரசு தனியாக நிவாரணம் கொடுக்கிறது. நீங்கள் பாராட்டி எழுதாத, ஆனால் தேடிப்போன அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? ஏலக்கூடத்தில் மீன் இல்லை, கூடைக்காரப் பெண்கள் இல்லை, ஐஸ் வண்டி இல்லை. ஒரு ஊருக்கே வருமானம் நின்றுபோயிருந்த வாரத்தில் நீங்கள் போய் இறங்கியிருக்கிறீர்கள். வாடகை குறைந்ததும் அதனால்தான், புது மீன் கிடைக்காததும் அதனால்தான். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றொன்றுக்குக் குறைப்பட்டுக்கொள்வது நியாயமா?

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. மழைக்காலத்தில்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. இதை நண்பர்களிடம் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பார் இல்லை. சுற்றுலாக்காரர்கள் வரும் ஜனவரியில் போனால் ஊர் உங்களுக்கு எதையாவது விற்பதில் மும்முரமாக இருக்கும். மழையில் போனால் ஊருக்குப் பேச நேரம் இருக்கும். ஆனால் நீங்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

கோட்டையை அரை மணி நேரத்தில் முடித்ததற்கும் கொஞ்சம் திட்ட வேண்டும். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், அவருடைய அச்சுக்கூடம், 1715-இல் அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாடு எல்லாம் போனிலேயே படித்திருப்பீர்கள், அதை விடுகிறேன். அந்தக் கோட்டையின் இன்னொரு கதையைச் சொல்கிறேன். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் டான்ஸ்போர்க் என்ற இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். இந்தக் கரையில் அன்று அலைக்கு ஒதுங்க நல்ல துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டு, படகில் சரக்கு ஏற்றி இறக்க வேண்டும். அதனால் ஐப்பசிக்கு முன் கப்பல்கள் பாதுகாப்பான இடம் தேடி விலகிவிடும். வருஷந்தோறும் அந்தக் கோட்டை மழைக்காலத்தில் இப்படித்தான் காத்துக்கிடந்தது. அதைவிடப் பெரிய காத்திருப்பு ஒன்று உண்டு. 1643-க்குப் பிறகு 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட இங்கே வரவில்லை. அங்கே போர், பணமில்லை, கோட்டையை நடத்திய வணிகக் கம்பெனியே படுத்துவிட்டது. இங்கிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள், ஓடிப்போனார்கள். கடைசியில் எஸ்கில்ட் ஆண்டர்சன் காங்ஸ்பக்கே என்ற ஒரே டேனிஷ்காரர் மிஞ்சினார். உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு, அடுத்த கப்பல் வரும் வரை கோட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பேசத் தன் பாஷைக்காரன் ஒருவன் இல்லாமல் வருஷக்கணக்கில் அந்த மனிதர் யாரோடு பேசியிருப்பார்? கரையில் இருந்தவர்களோடுதானே பேசியிருக்க முடியும். நான் அந்தக் கொத்தளத்தில் நிற்கும்போதெல்லாம் கவர்னர்கள் நினைவுக்கு வருவதில்லை, இவர்தான் வருகிறார்.

பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயிலையாவது பார்த்தீர்களா? பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கோயில், அங்குள்ள கல்வெட்டு 1306-ஐச் சேர்ந்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26 அன்று அதே கடல் அந்த ஊரில் என்ன செய்தது என்பதை ஓட்டல் பையனிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது.

எனக்கு ஒரு மழைக்காலக் கோடியக்கரை நினைவுக்கு வருகிறது. இளவயதில் நண்பர்கள் மூன்று பேர் பூநாரை பார்க்கப் போயிருந்தோம். மழை பிடித்துக்கொண்டது, பறவையைத் தேடிச் சதுப்புக்குள் போக முடியவில்லை. கோடியக்கரையின் விசேஷம் என்னவென்றால், சுற்றுலாக்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் ஐப்பசியில்தான் அங்கே மீன்பிடி சீசன் தொடங்கும். பங்குனி வரை போகும். நாகை, காரைக்கால், கடலூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் மீனவர்கள் வந்து கரையில் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். அப்படி ஒரு கொட்டகையில் ஒதுங்கினோம்.

ஒரு பெரியவர் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார். காலை நீட்டி உட்கார்ந்து, வலையின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். கிழிசலைத் தைப்பதற்கு முன்னால் சின்னக் கத்தியால் அதை இன்னும் அறுத்துப் பெரிதாக்கினார். எனக்குப் பதறியது. "ஓரம் ஒழுங்கா இல்லாட்டி கண்ணி கணக்குக்கு வராது தம்பி" என்றார். அப்புறம் நைலான் நூல் சுற்றிய தட்டையான ஊசியை எடுத்தார். இடது கை விரலை அளவாக வைத்து ஒரு வளையம், அதன் கழுத்தைச் சுற்றி ஊசி, ஒரு இழு. அடுத்த கண்ணி. கை போன வேகத்தில் கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை.

எங்களில் ஒருவன் கும்பகோணத்துக்காரன், தறி நெய்கிற வீட்டுப் பிள்ளை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று, "இது எங்க வீட்டு முடிச்சு" என்றான். பாவில் இழை அறுந்தால் போடும் முடிச்சும் வலைக் கண்ணியின் முடிச்சும் ஒன்றேதான், பிறகு நானும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பெரியவர் நம்பவில்லை. ஊசியை அவன் கையில் கொடுத்தார். அவன் போட்டுக் காட்டினான். நைலான் வழுக்கும், இன்னொரு சுற்று சுற்று என்று திருத்தினார். அவ்வளவுதான், இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். நூல் விலை, கூலி, முதலாளியிடம் வாங்கிய முன்பணம், அது எப்போதுமே தீராதது, மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஏறுவது, அப்போது வீட்டில் அடுப்பு எரியாதது. ஆற்றுத் தண்ணீர் கலந்து கடல் கலங்கினால்தான் இறால் கரைக்கு ஏறும், அதனால் இந்த மழையைத் திட்டவும் முடியாது என்றார் அவர். நாங்கள் இருவரும் ஓரமாக உட்கார்ந்து கேட்டோம். விடுதியில் ஒரே அறையில் வருஷக்கணக்கில் எங்களோடு படுத்து எழுந்தவன் அவன். தறிக்குழியில் தண்ணீர் ஏறும் என்பதை எங்களிடம் அவன் சொன்னதே இல்லை. நாங்கள் கேட்டதும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லும்போதுதான் எங்கள் காதிலும் விழுந்தது.

ஆர்., இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படியுங்கள். வஞ்சிரத்துக்கு ஒரு வரி, கோட்டைக்கு ஒரு வரி, நண்பனுக்கு வேலை போனதற்கும் அதே ஒரு வரி. அறையில் வீட்டுக் கடன் பேசினீர்கள், பிள்ளைகள் படிப்பு பேசினீர்கள். ஜூனிலிருந்து சம்பளம் இல்லாதவன் அந்தப் பேச்சில் எங்கே உட்கார்ந்திருந்தான்? என்ன சொல்லியிருக்க முடியும் அவனால்? தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் நடுவே தவணை கட்ட முடியாதவன் எதைப் பேசுவான்? வேலை நின்றுபோன ஆட்கள் மழையில் நின்றுகொண்டிருந்த இடத்துக்குப் போய் அவனும் நின்றான். அங்கே அவன் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்காது. நாலு பேரில் தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தவன் அவன் ஒருவன்தான். அவனைப் பார்த்து உங்களுக்குக் கோபம் வந்தது. "இதுக்காடா வந்தோம்" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்கு உங்கள் மேல் கோபமே வந்தது, மறைக்க விரும்பவில்லை. இரண்டு குடை இல்லையா உங்களிடம்? ஒருவராவது அவன் பக்கத்தில் போய் நின்றிருக்கலாம்.

இதையெல்லாம் எழுதும்போதே இன்னொன்றும் தோன்றுகிறது. அவன் நின்றதை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். மதியம் வரை என்று நேரத்தோடு நினைவில் வைத்திருக்கிறீர்கள். டிபன் சாப்பிடவில்லை என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அக்கறை இல்லாத ஆள் இதை எழுதமாட்டான். நட்பு வற்றிவிடுமா என்ற கேள்விக்கு நான் தனியாகப் பதில் சொல்லப்போவதில்லை. நாற்பது வயது எல்லாம் ஒரு வயதே இல்லை.

அவனுக்கு இன்றைக்கே போன் பண்ணுங்கள். குரூப்பில் செய்தி போடாதீர்கள், அதை நாலு பேரும் படிப்பார்கள், அவன் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடுவான். வேலை தேடுகிறாயா, ரெஸ்யூம் அனுப்பு என்றும் ஆரம்பிக்காதீர்கள். அதை இதற்குள் பலபேர் அவனிடம் கேட்டிருப்பார்கள். படகுக்காரர்கள் அன்றைக்கு உன்னிடம் என்ன சொன்னார்கள் என்று மட்டும் கேளுங்கள். அவன் பேசுவான், ஆற அமரக் கேளுங்கள். அடுத்த ஐப்பசிக்கு அதே ஊருக்கு நாலு டிக்கெட் போடுங்கள், பணம் யார் போட்டார்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டாம். அப்புறம், அவன் என்ன சொன்னான் என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்.