வீகன் வாசகர்களின் சிங்கப்பூர் கேள்விகள்

சிங்கப்பூர் பயணம் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன: "நாங்கள் வீகன். அங்கே என்ன சாப்பிடுவது?" பால், தயிர், நெய், முட்டை, தேன் எதையும் தொடாமல் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் வெளியே சாப்பிட்டு வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வயிறாரச் சாப்பிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. 'சைவம்' என்ற சொல்லை மட்டும் நம்பித் தட்டை வாங்கிவிடாதீர்கள். நம் கடைகளில் நெய்யும் தயிரும் சைவம். சீனக் கடைகளில் பூண்டும் வெங்காயமும் விலக்கு, ஆனால் முட்டை சில இடங்களில் செல்லும். மலாய்க் கடையில் காய்கறிக் குழம்பு என்றால் அதில் காய்கறி உண்டு என்பது மட்டுமே உறுதி. அதனால் ஒவ்வொரு சமையலறையிலும் எந்தப் பொருள் ஒளிந்திருக்கும் என்று தெரிந்துகொண்டு, அந்தப் பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஏறக்குறைய இதன் விரிவுதான்.

கோவையிலிருந்து ஒரு வாசகி: ஐந்து நாள் பயணம். லிட்டில் இந்தியாவிலேயே தங்குகிறோம். அங்கே சைவ உணவகங்கள் நிறைய இருப்பதால் யோசிக்காமல் சாப்பிடலாம் அல்லவா?

அங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும், அம்மா. சிராங்கூன் சாலையும் அதன் கிளைத் தெருக்களும் சைவச் சாப்பாட்டுக்குப் பழைய இடம். ஆனந்த பவன் 1924 முதலும் கோமள விலாஸ் 1947 முதலும் நடக்கின்றன. இறைச்சி, மீன் பற்றிய பயம் இல்லை. ஆனால் நம் சமையலில் பால் பொருள்கள் எங்கெங்கே நுழைகின்றன என்பது நமக்கே மறந்துபோகிறது.

ஒருநாள் காலையில் ஒரு கடையில் தோசைக்கல் அருகே இருக்கை கிடைத்தது. மாஸ்டர் மாவை ஊற்றி வட்டமாக இழுத்தார். ஓரம் சிவந்ததும் பக்கத்துக் கிண்ணத்தில் இருந்த கரண்டியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். எண்ணெய் என்று நினைத்தேன். மணம் வந்த பிறகுதான் நெய் என்று தெரிந்தது. நான் கேட்டது சாதாரணத் தோசை. அவரைக் குறை சொல்ல முடியாது. வந்தவருக்கு நன்றாகச் செய்து தர வேண்டும் என்ற அன்பில் அந்தக் கை அப்படித்தான் போகும். அன்று முதல் இருக்கையில் உட்காரும் முன்பே சொல்லிவிடுகிறேன்: "நெய் வேண்டாம், நல்லெண்ணெய் விட்டே சுடுங்கள்."

இட்லி, உளுந்து வடை, எண்ணெயில் சுட்ட தோசை, ஊத்தப்பம், இடியாப்பம், பொரியல் ஆகியவற்றில் பொதுவாகச் சிக்கல் இல்லை. ரவா தோசை மாவில் மோர் கலப்பவர்கள் உண்டு. தேங்காய்ச் சட்னியில் தயிர் சேர்ப்பவர்களும் உண்டு. பொங்கல், கேசரி, அவியல், பாயசம் வேண்டாம். சாம்பாரையும் ரசத்தையும் எதில் தாளித்தார்கள் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். இலைச் சாப்பாடு வாங்கினால் பருப்பின் மேல் நெய் விழும் முன் கையை நீட்டித் தடுக்க வேண்டும். மாவுப் பண்டங்களில் 'நான்' எனும் ரொட்டியின் பக்கமே நான் போவதில்லை; மாவில் பாலோ தயிரோ கிட்டத்தட்ட நிச்சயம்.

உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. மற்ற நாட்டுப் பயணிகள் கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்ட வேண்டிய ஊரில், அந்தச் சமையற்காரரிடம் நீங்கள் தமிழிலேயே பேசலாம். தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. 'வீகன்' என்று சொன்னால் புரியாமல் போகலாம். "பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் ஆகாது" என்று சொன்னால் உடனே புரியும்.

திருச்சியிலிருந்து: சீனக் கடைகளில் சாப்பிட ஆசை. ஆனால் சட்டியில் என்ன கிடக்கிறது என்றே தெரியவில்லை. எப்படி நுழைவது?

ஆசைப்படுங்கள். இந்த ஊரில் வீகன் உணவின் பெரும் புதையல் சீனர்களிடம்தான் இருக்கிறது. பௌத்த மரபில் ஊறிய சைவச் சமையல் அது. அதை 'சூ' (素) என்பார்கள். சைவக் கடையின் பெயர்ப்பலகையில் அந்த எழுத்து பெரிதாக இருக்கும். கைபேசியில் படம் சேமித்துக்கொள்ளுங்கள். சந்திர மாதத்தின் 1, 15 ஆகிய நாள்களில் சைவம் சாப்பிடும் வழக்கம் சீனர்களிடம் பரவலாக உண்டு. அந்த நாள்களில் கடை முன்னால் வரிசை நீளும், சீக்கிரமே போய்விடுங்கள். ஒன்பதாம் சந்திர மாதத்தின் முதல் ஒன்பது நாள்கள், அதாவது ஒன்பது பேரரசர் தெய்வங்களின் விழாக் காலம், பெரும்பாலும் அக்டோபரையொட்டி வரும். அப்போது போனால் சைவ உணவு வழக்கத்தைவிட எளிதாகக் கிடைக்கும்.

முதலில் வாங்க வேண்டியது சைவ பீஹூன். வதக்கிய அரிசிச் சேமியாதான். பல சிறு கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடி நிலையத்தில் காலை ஏழு மணிக்கே ஆவி பறக்கும். கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருப்பதைக் கைகாட்டினால் போதும்: வதக்கிய முட்டைக்கோஸ், மொறுமொறுவென்ற சோயாத் தோல் (சோயாப் பாலின் ஆடை), டோஃபு, சிவப்பு விளிம்போடு மெல்லிய துண்டுகளாக நறுக்கிய கோதுமைப் புரத 'இறைச்சி'. மேலே ஒரு கரண்டி மிளகாய்ச் சாந்து. கடைக்காரப் பாட்டி தட்டை நீட்டும்போது ஓரத்தில் இருக்கும் எண்ணெய்ச் சிவப்பைப் பார்த்தாலே எனக்குப் பசி எடுத்துவிடும்.

கவனம் வைக்க வேண்டியது அந்தப் போலி இறைச்சி வகைகளில். கோதுமைப் புரதம், சோயா, கொன்ஜாக் கிழங்கு மாவு ஆகியவற்றால் ஆனவை. ஆனால் சிலவற்றில் ஒட்டும் பொருளாக முட்டை வெள்ளைக்கருவோ பால் புரதமோ சேர்க்கிறார்கள். கடைக்காரருக்கே அது தெரியாமல் இருக்கலாம், தொழிற்சாலைப் பொட்டலமாக வந்தது அது. சந்தேகம் வந்தால் டோஃபு, சோயாத் தோல், காளான் என்று வெறும் கண்ணுக்குத் தெரிகிற பொருள்களோடு நின்றுவிடுங்கள். மஞ்சள் நூடுல்ஸில் முட்டை இருக்கக்கூடும். அரிசிச் சேமியாவில் அந்தக் கவலை இல்லை.

இரண்டு சொற்கள் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'ச்சுன் சூ' என்றால் முழுச் சைவம், நம் வீகனுக்கு நெருக்கமான சொல். 'பூ யாவ் டான்' என்றால் முட்டை வேண்டாம். உச்சரிப்பு கொஞ்சம் தவறினாலும் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள்.

சைவக் கடை அல்லாத சீனக் கடையில் கீரை வதக்கல் கேட்டால் சிப்பிச் சாறு விழும், சில இடங்களில் பன்றிக் கொழுப்பும் விழும். அங்கே போகாதீர்கள் என்பதே என் கருத்து. பக்கத்திலேயே சைவக் கடை இருக்கும்போது அந்த வாதாட்டம் எதற்கு?

சேலத்திலிருந்து: நாசி லெமாக் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். வீகன் நாசி லெமாக் கிடைக்குமா?

சோற்றில் குற்றம் இல்லை. தேங்காய்ப் பாலும் பாண்டான் இலையும் போட்டு வடித்தது. சம்பல் என்ற மிளகாய்ச் சாந்தில்தான் எல்லாம் இருக்கிறது. மலாய்ச் சமையலின் உயிர் பெலாச்சான். பொடி இறாலை உப்பிட்டு நொதிக்க வைத்து அரைத்த கட்டி. அதைச் சட்டியில் தேடினால் கண்ணுக்குத் தெரியாது, சுவையாகக் கரைந்திருக்கும். மேலே தூவுவது நெத்திலிக் கருவாடு, ஓரத்தில் முட்டை. இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தேங்காய்ச் சோறும் வெள்ளரியும் வேர்க்கடலையும் மிஞ்சும்.

சாயூர் லோடே என்ற தேங்காய்ப் பால் காய்கறிக் குழம்பைப் பார்த்து நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். முட்டைக்கோஸ், நீளப் பயறு, தெம்பே என்ற நொதித்த சோயாக் கட்டி எல்லாம் மிதந்தன. பாதி சாப்பிட்ட பிறகு கரண்டியில் உலர்ந்த இறால் ஒன்று சுருண்டு கிடந்தது. கடைக்கார அக்கா உண்மையாகவே வருந்தினார். "காய்கறிதானே கேட்டீர்கள்" என்றார். அவர் சொன்னது சரி, நான் கேட்ட கேள்விதான் தவறு. இப்போது "அடா ஊடாங்? அடா பெலாச்சான்?" என்று கேட்கிறேன். இறால் இருக்கிறதா, பெலாச்சான் இருக்கிறதா என்று பொருள். 'தாக் அடா' என்று பதில் வந்தால் இல்லை. இக்கான் மீன், தெலூர் முட்டை, சூசூ பால்.

பழமும் காயும் கலந்த ரோஜாக்கின் கறுப்புச் சாற்றிலும் இறால் உண்டு. பொரித்த டோஃபுவான தாவு கோரெங், காய்கறிக் கலவையான காடோ காடோ இரண்டிலும் வேர்க்கடலைச் சாற்றில் பெலாச்சான் இருக்கக்கூடும். தேங்காய்ப் பால் நூடுல்ஸ் குழம்பான லக்சாவில் உலர்ந்த இறால் வழக்கம். இவற்றை எல்லாம் சீனச் சைவக் கடைகள் இறால் இல்லாமல் செய்கின்றன; நாசி லெமாக்கையும் லக்சாவையும் அங்கே கேளுங்கள். வெறும் வறுத்த தெம்பே மட்டும் எங்கே கண்டாலும் விடாதீர்கள்.

ஈரோட்டு வாசகர்: காலை காப்பி இல்லாமல் எனக்கு எதுவும் ஓடாது. பால் இல்லாமல் எப்படிக் கேட்பது?

'கோப்பி' என்றால் கெட்டிப்பாலோடு வரும். 'கோப்பி ஓ' என்றால் சர்க்கரை மட்டும். 'கோப்பி ஓ கோசோங்' என்றால் இரண்டும் இல்லை. தேநீருக்கு 'தே ஓ'. இங்கே பாரம்பரியமாகக் கொட்டையைச் சர்க்கரையோடும் வெண்ணெய் அல்லது மார்ஜரினோடும் வறுப்பார்கள். ஆகவே மிகக் கண்டிப்பாக இருப்பவர் 'தே ஓ' குடிக்கலாம், அல்லது புதிய பாணிக் காப்பிக்கடையில் ஓட்ஸ் பாலோடு கேட்கலாம். காப்பியோடு வரும் காயா ரொட்டியில் முட்டையும் வெண்ணெயும் உண்டு, அதை விட்டுவிடுங்கள்.

மதுரையிலிருந்து: குழந்தைகளுக்கு இனிப்பு?

இங்கே நிறையவே இருக்கிறது. புத்து பிரிங் என்று ஒரு பண்டம், நம் புட்டின் தங்கை. அரிசி மாவுக்குள் பனை வெல்லத்தை வைத்து ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவலோடு தருவார்கள். பிட்டால் வெல்லம் உருகி விரலில் வழியும். ஒண்டே ஒண்டேயும் அதே சேர்க்கைதான், உருண்டையாக, பச்சை நிறத்தில். கருப்புக் கவுனி போன்ற அரிசியில் தேங்காய்ப் பால் ஊற்றிய புலுத் ஹீத்தாம், பச்சை ஜெல்லி இழைகளைத் தேங்காய்ப் பாலில் போட்ட செண்டோல், சோயாப் பால் எல்லாம் சரி. துருவிய பனிக்கட்டி இனிப்பான ஐஸ் கச்சாங்கின் மேல் ஊற்றும் பாலை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ரோஸ் நிறத்தில் இருக்கும் பண்டோங் பால் பானம். சோயாத் தயிர் போன்ற தாவ் ஹுவே மிக வழவழப்பாக, ஜெல்லி போல இருந்தால் அதில் பால் பொடி அல்லது ஜெலட்டின் இருக்கலாம். பழைய பாணிக் கடையில் வாங்குங்கள்.

சென்னை வாசகி: இறைச்சி சமைத்த சட்டியில் செய்ததை என் மாமியார் சாப்பிட மாட்டார்.

அவர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை. அசைவமும் விற்கும் கடையில் தனிச் சட்டி கேட்டு வாங்க வேண்டாம். பரபரப்பான நேரத்தில் அது நடக்காது. முழுச் சைவக் கடைகளுக்கு மட்டும் போங்கள். உணவங்காடியில் நாற்காலிகள் பொதுவானவை, பக்கத்து மேசையில் மீன் இருக்கும். அது அவருக்கு ஒவ்வாது என்றால் சைனாடவுனில் உள்ள புத்தர் பல் சின்னக் கோயிலின் அடித்தளத்துச் சைவ உணவுக்கூடத்துக்கு அழைத்துப் போங்கள். பரோட்டாக் கடையை அறவே தவிர்க்கவும். மாவில் நெய் உண்டு, தொட்டுக்கொள்ளத் தருவது மீன் குழம்பாகவும் இருக்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து: செலவு எவ்வளவு ஆகும்?

உணவங்காடியில் ஒரு தட்டு பெரும்பாலும் 4 முதல் 6 வெள்ளிக்குள், அதாவது சிங்கப்பூர் டாலருக்குள், முடியும். குளிரூட்டிய உணவகங்களில் விலைப்பட்டியலின் மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 9 சதவீதப் பொருள் சேவை வரியும் சேர்வது வழக்கம். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். உணவங்காடிகளில் 2021 செப்டம்பர் முதல் அது கட்டாயம்.

பெங்களூரிலிருந்து: விமானத்தில் 'இந்தியச் சைவ உணவு' பதிவு செய்தால் போதுமா?

போதாது. அதில் பனீரும் தயிரும் வரும். பதிவில் 'விஜிஎம்எல்' (VGML) என்ற குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள். பால், முட்டை இல்லாத உணவுக்கு உரியது அது. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.

மெல்பர்ன் செல்லும் வழியில் எட்டு மணி நேரம் சிங்கப்பூரில் இருக்கப்போகும் வாசகர்: ஒரே ஒரு வேளை. எங்கே போகச் சொல்வீர்கள்?

விசா கையில் இருந்தால் யோசிக்காமல் மிடில் ரோட்டில் உள்ள ஃபார்ச்சூன் சென்டருக்குப் போங்கள். சாங்கி விமான நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு நிறுத்தம், எக்ஸ்போ. அங்கே டவுன்டவுன் பாதைக்கு மாறி பென்கூலனில் இறங்கினால் சில நிமிட நடை. பழைய கட்டடம், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே சைவக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்து வாட்டர்லூ தெருவில் 1884இல் எழுந்த, கருணைத் தெய்வமான குவான் இம் கோயில் இருப்பதால் சைவம் உண்ணும் பக்தர்கள் இந்தப் பகுதிக்கு எப்போதும் வருகிறார்கள்.

மாலை ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள், சில கடைகள் சீக்கிரம் அடைத்துவிடும். மூலிகைத் தேயிலைச் சாற்றில் கீரையும் டோஃபுவும் கடலையும் சேர்த்த சோறு, 'லே ச்சா' என்பது அதன் பெயர், கண்ணில் பட்டால் வாங்குங்கள். மற்ற இடங்களில் அதில் நெத்திலி இருக்கும், சைவக் கடையில் இருக்காது. பச்சைச் சாற்றை முதலில் தனியாக ஒரு வாய் குடித்துப் பாருங்கள். துளசியும் புதினாவும் சேர்ந்த கசப்பு. பிறகு சோற்றின் மேல் ஊற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு முடித்து நேரம் மிஞ்சினால் வாட்டர்லூ தெருவில் நடந்து பாருங்கள். குவான் இம் கோயிலுக்கு அருகிலேயே கிருஷ்ணன் கோயில் இருக்கிறது. குவான் இம் கோயிலில் ஊதுபத்தி ஏற்றிவிட்டு அப்படியே கிருஷ்ணன் கோயிலுக்கு வந்து கைகூப்பும் சீனப் பாட்டிகளை நீங்கள் பார்க்காமல் திரும்ப முடியாது.