துப்புரவு முடிந்த அணு ஆயுதத் தளத்தை மக்கள் ஏன் இன்னும் மேற்பார்வையிடுகிறார்கள்?

சமூக மேற்பார்வை என்பது, தளத்தைப் பராமரிக்கும் அரசுத் துறை எடுக்கும் நீர், நிலச் சோதனைகளின் முடிவுகளை அருகில் வாழ்வோர் தங்கள் பிரதிநிதிகள் வழியாகப் பொதுக்கூட்டத்தில் கேட்டு, கேள்வி எழுப்பி, விளக்கம் பெறுவதாகும்.

அமெரிக்காவின் டென்வர் நகருக்கு அருகே, ராக்கி ஃபிளாட்ஸில் 1952 முதல் 1989 வரை அணுகுண்டுகளுக்கான பாகங்கள் புளூட்டோனியம் என்ற கதிரியக்க உலோகத்தால் தயாராயின. அங்கே 2005-இல் துப்புரவு முடிந்தது. மறு ஆண்டே சுற்றுவட்டார உள்ளாட்சிகளும் பொது அமைப்புகளும் சேர்ந்த மேற்பார்வைக் குழு உருவானது. காரணம் எளிது. அங்கே பயன்பட்ட புளூட்டோனியம்-239 என்ற வகை பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். கட்டட அடித்தளங்கள் சிலவும் இரண்டு குப்பைப் புதைகுழிகளும் மண்ணுக்கடியில் அப்படியே இருக்கின்றன. 2013 செப்டம்பர் பெருமழையில் அப்புதைகுழிகளுள் ஒன்றின் சரிவில் மண் நழுவி விரிசல் விட்டது. இப்படிப்பட்டதைக் காகிதத்தில் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். உடைப்பை அடைத்த பிறகும் அடைமழைக் காலத்தில் ஊரார் ஏரிக்கரைமேல் நடந்து, எங்கேனும் கசிகிறதா என்று பார்ப்பதைப் போன்றதே இது.

துப்புரவு முடிந்ததென்றால் மாசு முழுவதும் அகன்றுவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். மேல்மண்ணில் ஒரு கிராமுக்கு 50 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) என்று வகுத்த வரம்புக்குள் புளூட்டோனியம் குறைக்கப்பட்டது என்பதே அதன் பொருள்.